கண்ணாடிப் பெட்டியில் ஒரு கை

எல்லோரும் அவரைக் கூப்பிடுவது ‘கச்சிதம்’ என்றுதான். பட்டறைக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் "கச்சிதமா செஞ்சிடலாம்" என்பார். சொன்னபடி செய்தும் விடுவார். தள்ளுவண்டிச் சக்கரம், இயந்திர உருளை, குழாய் வளையம் என்று, பாலியூரித்தேன் என்கிற ரப்பர் மாதிரியான பிளாஸ்டிக்கில் அவர் வார்க்காத பொருள் இல்லை.

அவருடைய ஒரே தங்கைக்கு, அட்டை வெட்டும் இயந்திரத்தில் இடக்கையின் கடைசி இரண்டு விரல்கள் போய்விட்டன. காயம் ஆறிய பிறகும் அந்தக் கை வெளிச்சத்துக்கு வரவில்லை. பேருந்தில் பைக்கு அடியில் இருக்கும், விருந்தில் மேசைக்கு அடியில். பொய்விரல் செய்து தருகிறேன் என்று அண்ணன் எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பதுபோலச் சொல்லிக்கொண்டே இருந்தார். என்னைத் தவிர ஒருவரும் பார்க்க மாட்டார்கள் என்று அவர் வாக்குக் கொடுத்த பிறகுதான் அவள் கையை நீட்டினாள்.

பட்டறைக் கதவைச் சாத்திவிட்டு, அந்தக் கைமேல் சிலிக்கோன் ரப்பர்க் கூழைப் பூசினார். அது இறுகியதும் உறை மாதிரி உரித்தெடுத்து, உள்ளே கெட்டியாகும் பிளாஸ்டிக்கை ஊற்றினார். தங்கையின் கை அப்படியே வந்தது: ரேகை, தையல் தழும்பு, முடிந்துபோன இரண்டு விரல்களின் மொட்டை முனை. அதன்மேல் மெழுகில் விரல் பிடித்து, அதற்கும் அச்சு எடுத்தார். பாலியூரித்தேன் பொல்லாத சரக்கு. இரண்டு திரவத்தையும் கலந்துவிட்டால் காத்திருக்காது, துளி ஈரம் பட்டாலும் நுரைத்துப் பொங்கும். முதலில் வார்த்ததெல்லாம் குமிழி விழுந்து குப்பைக்குப் போயிற்று. பிறகு கலவையைக் காற்று உறிஞ்சும் தொட்டியில் வைத்து, தோல் நிறம் சேர்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். விரல்கள் நகமும் சுருக்கமுமாக வந்தன.

உறவினர் வீட்டு விருந்தில் தங்கை இடக்கையை மேசைமேல் வைத்தபோது, அவர் முகம் கழுவுகிற சாக்கில் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை அவர் செய்ததில்லை. மொட்டை விரலோடு இருந்த அந்தக் கை வார்ப்பையும், பக்கத்தில் விரல் பொருத்திய இன்னொரு வார்ப்பையும் வாசல் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். யார் கை என்று எழுதியா வைத்திருக்கிறது என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார்.

ஒரு நாள் மருத்துவமனைக்குச் சாமான் வாங்குகிற அதிகாரி ஒருவர் வந்தார். மொட்டைக் கையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிஜக் கையிலிருந்து எடுத்ததா என்று கேட்டார்.

"ஆமா சார். என் தங்கச்சி கைதான்."

அதிகாரி அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தார். பொய்விரலின் நிறம் கொஞ்சம் வெளிறிவிட்டது என்று காட்ட வந்த தங்கை அங்கே நின்றிருந்தாள்.

அவள் சத்தம் போடவில்லை. உள்ளே வந்து, பொய்விரல்களைக் கழற்றிப் பெட்டிமேல் வைத்தாள்.

"இதையும் வச்சுக்கோண்ணே. ஜோடியா இருக்கட்டும்."

அவள் போன பிறகு முதலில் அவருக்குக் கோபம்தான் வந்தது. யாருக்காக இத்தனை பாடுபட்டோம் என்று முணுமுணுத்தார். அதிகாரி கையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே விடைபெற்றார். அப்போதுதான் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. வாக்குக் கொடுத்த வாயாலேயே காட்டிக் கொடுத்திருந்தார். வார்ப்புகளையும் அச்சையும் துண்டு துண்டாக அறுத்துப் போட்டார். அறுக்கும்போதும் தழும்பின் மேல் ரம்பம் படாமல் விலக்கிக்கொண்டிருந்ததை உணர்ந்தபோது, அவமானம் இன்னும் கூடியது.

அன்று மாலையே தங்கை வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் அழித்துவிட்டதாகச் சொன்னார்.

"எத்தனை பேரு தொட்டுப் பாத்தாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

மச்சான்தான் பரிதாபப்பட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். அவர் சாப்பிடவில்லை.

அதன் பிறகு தங்கை பேச்சை நிறுத்தவில்லை. நலம் விசாரித்தாள், பிள்ளைகளையும் அனுப்பினாள். பட்டறைப் பக்கம் மட்டும் வரவே இல்லை. அடுத்த குடும்ப விருந்தில் அவள் இடக்கை மறுபடி மேசைமேல் இருந்தது. விரல்கள் வேறு யாரோ செய்தவை. ஓரத்தில் அச்சு இணைந்த கோடு தெரிந்தது, சுண்டுவிரல் நுனியில் ஒரு குமிழி, நிறமும் ஒட்டவில்லை. அவர் கை பரபரத்தது. ஒரு வாரம் கொடுத்தால் போதும், கச்சிதமாகச் செய்துவிடலாம்.

எதிரே இருந்த அத்தை பாராட்டுகிற குரலில் கேட்டாள்: "உங்கண்ணன் செஞ்சதாம்மா?"

"இல்ல அத்தை," என்றாள் தங்கை. "வெளியில செஞ்சது."

அவர் தலையைக் குனிந்துகொண்டு, இருந்த சோற்றையே பிசைந்துகொண்டிருந்தார்.