தேங்காய்ப்பால் இறால் குழம்பு

“இறால் கால் கிலோ, சின்ன வெங்காயம் பதினைந்து, தேங்காய் ஒன்று,” என்று ஜீவிதா உரக்கப் படித்தாள். சமையலறையில் இருக்கும் அம்மாவுக்கும் கேட்க வேண்டுமே.

“முழுத் தேங்காயா? அரை மூடி போட்டா குடி முழுகிடுமா?” என்று கன்னியம்மாவின் குரல் வந்தது.

“இன்னிக்கு ஒரு நாளாவது புக்ல இருக்கிற மாதிரியே செய்ம்மா.”

கூடத்துக் கட்டிலில் அப்பா யேசுதாசன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். மூக்கில் குழாய். பக்கவாதம் வந்து ஏழு வாரம். பேச்சும் போயிற்று, விழுங்கும் சக்தியும் போயிற்று. வாயில் எது கொடுத்தாலும் நுரையீரலுக்குள் போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டதால் கஞ்சியும் பாலும் குழாய் வழியாகத்தான்.

எப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு இந்தக் கதி! பத்திரிகைகளில் இலவச இணைப்பாக வரும் சமையல் புத்தகங்களை ஒன்று விடாமல் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர். படித்துக்கொண்டே சாப்பிட்டால்தான் அவருக்குச் சோறு இறங்கும். வாயில் நெத்திலிக் குழம்பு, கண்ணில் காஷ்மீர் புலாவ். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்தபோது, மத்தியானம் டப்பாவைத் திறந்ததும் கூட இருக்கும் பத்துப் பேருக்கும் சேர்த்துச் சத்தமாகப் படிப்பாராம். எலுமிச்சை சாதத்தைத் தின்றுகொண்டே அவர்கள் பிரியாணிக்கு ‘உச்’ கொட்டுவார்களாம்.

ஆனால் அந்தப் புத்தகத்திலிருந்து ஒன்றைக்கூடக் கன்னியம்மா செய்ததில்லை. “எவளோ எழுதினத நான் ஏன் ஆக்கணும்? என் கைக்கு இன்னா கொறச்சல்?” நாற்பது வருஷமாக இதே பதில்தான். அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. அந்த வீறாப்புக்கு அடியில் அதுதான் இருந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

இந்த ஏழு வாரமும் குழாயில் கஞ்சி ஊற்றும்போதெல்லாம் ஜீவிதா ஒரு பக்கம் படித்துக் காட்டினாள். வேண்டுமென்றே உப்பை விட்டுவிடுவாள். உடனே அவருடைய வலது ஆள்காட்டி விரல் போர்வையிலிருந்து எழும்பும். “ஐயையோ, உப்பு!” என்று அவள் தலையில் அடித்துக்கொள்வாள். அவர் உதட்டோரம் லேசாகச் சிரிக்கும்.

போன வாரம் அம்மா திருட்டுத்தனமாக ஒரு கரண்டி ரசத்தோடு வந்தாள். அப்பா வாயைத் திறந்தும் விட்டார். ஜீவிதா பாய்ந்து பிடுங்கித் தொட்டியில் கொட்டினாள். திறந்த வாயை அவர் மெல்ல மூடிக்கொண்டது அவள் கண்ணை விட்டுப் போகவில்லை. பாவி, ஒரு சொட்டு கொடுத்திருக்கலாமே என்று ராத்திரி பகலாக மனசு அடித்துக்கொண்டது.

இன்று காலை வந்த நர்ஸ் அம்மணி நாடியைப் பார்த்துவிட்டு, “இனிமே மணிக்கணக்குதான் ஜீவிதா. ஆசப்பட்டத நாக்குல தொட்டு வைங்க, தப்பில்ல,” என்றாள். ஜீவிதா புத்தகத்தை விரித்து ஒவ்வொரு பக்கமாகக் கேட்டாள். இந்தப் பக்கத்தில் விரல் எழும்பியது. கன்னியம்மா கீழ்க்கட்டளை மார்க்கெட்டுக்கு நடந்து போய் இறால் வாங்கி வந்து, “நீ படி, நான் செய்றேன்,” என்றாள். முதல் சொட்டை நான்தான் வைக்க வேண்டும் என்று ஜீவிதா மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

“இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மிளகாய்த்தூள். பச்சை வாசனை போனதும் இரண்டாம் பால்.”

வாசனை கூடத்துக்கு வந்தது. குழாய்க்குப் பக்கத்தில் மூக்கு விடைத்தது.

“வருதாப்பா? இன்னும் பத்தே நிமிஷம்.”

விரல் கொஞ்சம் அசைந்தது.

“பால் கொதித்ததும் இறாலைப் போட்டு, ஐந்து நிமிடம் வேக விடவும்,” என்று வழக்கம்போல உப்பை விட்டுப் படித்துவிட்டு விரலைப் பார்த்தாள். அது போர்வைமேல் கிடந்தது. அதே வரியை நிறுத்தி நிதானமாக இன்னொரு முறை படித்தாள். பிறகு அவர் நெஞ்சில் கையை வைத்தாள். வைத்தபடியே இருந்தாள்.

“இன்னாடி, உப்பே சொல்லலியே?” என்றாள் கன்னியம்மா உள்ளிருந்து.

ஜீவிதா சமையலறைப் பக்கம் திரும்பினாள். இப்போது சொன்னால் அம்மா எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வருவாள். நாற்பது வருஷத்தில் அவருக்கென்று அவள் இறங்கி வந்து செய்கிற ஒன்று பாதியில் நின்றுவிடும்.

“மறந்துட்டேன்மா. இப்பப் போடு.”

“எவ்ளோ?”

“தேவையான அளவுன்னு போட்டிருக்கு.”

“எழுதினவளுக்கே தெரியாது போல கீது.”

அப்பா இருந்திருந்தால் இதற்குச் சிரித்திருப்பார். இருந்திருந்தால் என்று நினைத்துவிட்டோமே என்று அவளுக்குப் பகீரென்றது.

“அப்பால?”

“அடுப்பைக் குறைத்து முதல் பால் ஊற்றவும்.” எழுத்துகள் கலங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தாள். சூடு இருந்தது. “கொதிக்க விடக் கூடாது. கறிவேப்பிலை போட்டு இறக்கவும்.”

“எறக்கிட்டேன். அவ்ளோதானா?”

“அவ்ளோதான்மா.”

கன்னியம்மா கிண்ணமும் கரண்டியுமாக வந்தாள். முகமெல்லாம் வியர்வை. “பரவால்ல, நல்லாத்தான் கீது. இத்த நான் எப்பவோ செஞ்சிருக்கலாம்,” என்றபடி குழம்பைக் கரண்டியில் மொண்டு கட்டிலைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மகள் கரண்டிக்குக் கை நீட்டவில்லை.

கன்னியம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“சூடா கீதுடி,” என்றாள். கரண்டியைத் தன் வாயருகே கொண்டுபோய் ஊதினாள். ஆவி அடங்கியது. மறுபடியும் ஊதினாள்.