கோரல் ஸ்குவாட்டை மூடுங்கள்

இன்னும் வெளிவராத கேமைப் பற்றி இஜாஸிடம் யாராவது கருத்துக் கேட்டுவிட்டால் போதும், அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். வந்துவிட்ட கேமைப் பற்றியும் சொல்வான், ஆனால் அதில் பாதி உற்சாகம்தான் இருக்கும். வராததைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதி உண்டு. ட்ரெய்லர் இரண்டு நிமிஷம் ஓடும், அதை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசலாம். பெரிய கம்பெனிகள் விடுகிற கேமெல்லாம் ஓடுகிற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் விருத்தாசலத்தில் யார் வீட்டில் இருக்கிறதென்று அவனுக்குத் தெரியாது. அவனிடம் இல்லை. அதனால் என்ன? கல்யாணம் ஆகாதவன் கல்யாணத் தரகு பார்ப்பதில்லையா?

அவனுக்கு ஒரு செராமிக் கம்பெனியில் வேலை. பியூஸ் கட்டைகளைப் பால் மாதிரி கரைத்து வைத்த கிளேஸ் என்கிற பளபளப்புப் பூச்சில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஆறிப்போய்க் காலியாகக் கிடக்கும் சூளைக்குள் போய் உட்கார்ந்துகொள்வான். சூடு வெளியே போகாமலிருக்க உள்சுவர் முழுக்கப் பஞ்சு மாதிரி வெள்ளைப் போர்வை அடித்திருக்கும். சூட்டை மறிக்கிற பஞ்சு சத்தத்தையும் மறிக்கும் என்பதை அவன் கண்டுபிடித்து, அங்கேயே போனை வைத்துப் பேசிப் பேசி ஒரு சேனலே நடத்திக்கொண்டிருந்தான். பெயர், சூளை கேமிங். முதலாளி கொளஞ்சியப்பன் முதல் நாள் பார்த்துவிட்டு, "உள்ள பூந்துக்கினு யாருகிட்டடா பேசுற? காத்து கருப்பு அடிச்சிடுச்சா?" என்றார். அப்புறம் அவருக்கும் பழகிவிட்டது.

பேச்சு என்னமோ காரசாரமாகத்தான் இருக்கும்.

"மேப்பு பெரிசுன்னு பீத்திக்கிறானுங்க. கம்மாபுரம் பக்கத்துல சுரங்கமுந்தான் பெரிசா இருக்குது. எட்டிப் பார்த்தா என்னா இருக்குது? பள்ளம்!" என்பான். பழைய கேமுக்கு வண்ணம் தீட்டி மறுபடி விற்றால் அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். "எங்க கம்பெனியில கிளேஸ் சரியா புடிக்காத கட்டையக்கூட ரெண்டாந்தரம்னு சொல்லித்தான் விக்கிறோங்க. இவனுங்களுக்கு அந்த ரோஷங்கூட இல்ல."

இத்தனைக்கும் அவன் நிஜமாகவே ஆடித் தீர்த்தது ஒரே ஒரு கேம்தான். கோரல் ஸ்குவாட். போனிலேயே ஓடும். ஒரு தீவு, சுற்றிலும் கடல், அதில் ஊர்பேர் தெரியாத ஐம்பது பேரை இறக்கிவிடுவார்கள். கடைசிவரை உயிரோடு இருப்பவன் ஜெயித்தவன். நேரமாக ஆக ஒரு வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், வட்டத்துக்கு வெளியே நிற்பவன் தானாகச் செத்துப்போவான். கூட்டாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே ஆடலாம். ஆடி ஆடி அது அவனுக்குப் புளித்துப்போய்விட்டது. ஏமாற்றுக்காரன் பெருகிவிட்டான், வாயைத் திறந்தால் அம்மா அக்காவை இழுத்துத் திட்டுகிறான், கடல் தண்ணீர் சாயத்தண்ணி மாதிரி இருக்கிறது. 'கோரல் ஸ்குவாட்டை மூடுங்கள்' என்று ஒரு வீடியோ போட்டான். அதுவரை அவன் போட்டதையெல்லாம் சேர்த்தாலும் அத்தனை பேர் பார்த்ததில்லை. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் "கரெக்டா சொன்னீங்க தல" என்று வந்து குவிந்தது.

கொஞ்ச காலத்தில் கம்பெனிக்காரனே அறிவித்துவிட்டான். கோரல் ஸ்குவாட் டூ வருகிறது, அது வருகிற அன்றே பழையதை மூடிவிடுகிறோம் என்று. இஜாஸுக்குத் தலைகால் புரியவில்லை. ட்ரெய்லரில் இலை நுனியில் மழைத்துளி தொங்குவது தெரிந்தது. எல்லாவற்றையும்விட, வாய்ஸ் சாட்டை எடுத்துவிட்டார்களாம். இனி பேச்சே கிடையாது, நாலைந்து பட்டன்தான். சூளைக்குள் உட்கார்ந்து, "திட்டுறவன் வாயில மண்ணு! இந்த வருஷத்துலயே சிறந்த முடிவு இதுதாங்க" என்று கை தட்டினான்.

வெளியே வந்ததும், கூட வேலை செய்கிற பாரி கேட்டான். "ஏம்ப்பா, உன் வீடியோவப் பாத்துட்டுத்தான் மூடுறானா?"

"பின்ன?" என்றான் இஜாஸ். பாதி விளையாட்டு, பாதி நம்பிக்கை.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் போனால் அவன் திரும்பக் கம்பெனிக்குப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டிவிடுவான். அன்றைக்கும் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தான். சார்ஜரைத் தேடி உள்ரூம் பக்கம் போனவன், கதவுக்கு வெளியே நின்றுவிட்டான். உள்ளே அக்கா ஹஸ்னா பேசிக்கொண்டிருந்தாள்.

ஹஸ்னாவை மங்கலம்பேட்டை நவ்ஷாதுக்குக் கொடுத்திருந்தது. மாப்பிள்ளை வளைகுடாவில். லீவில் வந்து நிக்காஹ் முடித்து, மருதாணி முழுசாக அழிவதற்குள் விமானம் ஏறிவிட்டான். அவன் வரும்வரை இவள் அம்மா வீட்டில். நல்ல மனுஷன்தான், ஆனால் போனில் கூப்பிட்டால் வாயில் கொழுக்கட்டை. மாப்பிள்ளை கிளம்புவதற்கு முன்னால் ஒருநாள் இஜாஸ்தான் விளையாட்டாக இரண்டு பேர் போனிலும் கோரல் ஸ்குவாட்டை ஏற்றிக்கொடுத்தான். வெள்ளிக்கிழமைகளில் ஆடுகிறார்கள் என்று தெரியும். ஏதோ பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தான்.

"படக இன்னுங் கொஞ்சம் தள்ளி வுடுங்க. பாறைகிட்ட எவனோ நிக்கிறான்," என்றாள் ஹஸ்னா. "ம், இப்ப சொல்லுங்க. ராத்திரி ஏன் தூங்கல?"

இயர்போன் கெட்டுப்போய்விட்டதால் போனை சத்தமாகவே வைத்திருந்தாள். நவ்ஷாதின் குரல் வெளியே கேட்டது.

"ஏசி தண்ணி சொட்டுது, நேரா என் கட்டில் மேலயே." கொஞ்சம் பொறுத்து, "ஏசி சொட்டுறது நெசந்தான். தூங்காததுக்குக் காரணம் அது இல்ல."

"பின்ன?"

"உன் மருதாணி வாசன ஞாபகத்துக்கு வந்துடுச்சு."

இஜாஸ் சார்ஜரை மறந்து கூடத்துக்கு வந்துவிட்டான். கன்னமெல்லாம் சூடாகிவிட்டது. கொழுக்கட்டை மாப்பிள்ளையா இப்படிப் பேசுவது? கூடம்வரை கேட்ட பேச்சிலிருந்தே அவனுக்குப் புரிந்துவிட்டது. அவர்கள் யாரையும் சுடுவதில்லை, யாரையும் ஜெயிப்பதில்லை. இறங்கியதும் ஒரு படகைப் பிடித்துக் கடலுக்குள் போய்விடுகிறார்கள். வட்டம் சுருங்கி அவர்களைக் கொல்கிறவரை பேசுகிறார்கள். செத்ததும் சிரித்துக்கொண்டே மறுபடி இறங்குகிறார்கள், மறுபடி படகு. சாயத்தண்ணி என்று அவன் காறித் துப்பிய அந்தக் கடலில்தான் அவன் அக்கா குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் ஹஸ்னா டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டா, ஓப்பன் பண்ணா ஒரு நோட்டீசு வருது. புதுசு வருதாம், பழசு நின்னுடுமாம். புதுசுலயும் பேசலாம்ல?"

எத்தனையோ ஆயிரம் பேருக்கு அவன் உற்சாகமாகச் சொன்ன சேதிதான். அக்காவிடம் டீத் தம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "பேச முடியாதுக்கா. பட்டன்தான் இருக்குமாம். 'ஓடு', 'இங்கே வா', 'நன்றி'. அந்த மாதிரி."

"மீன்காரர்கிட்டகூட இதவிட ஜாஸ்தி பேசுவன்டா நானு."

"போன்ல பேசிக்கயேன். வீடியோ கால் கெடைக்கலன்னா சாதா கால்."

"போன்ல அவரு வேற ஆளுடா," என்றாள் அவள். "ரூம்ல அத்தன பேரு. போனக் காதுல வச்சாலே ஒருத்தன் இருமுவானாம். கேமு ஆடுறாருன்னா எவனும் காதுல வாங்குறதில்ல. அத வுடு, அவருக்கே வாயி கட்டிக்குது. கையில எதனா வேல இருந்தாத்தான் மனசுல இருக்கறது வெளிய வருது." தம்ளரைத் திருப்பித் திருப்பி வைத்தாள். "நீ சொல்லேன் அவங்ககிட்ட. உன் பேச்ச அத்தன பேரு பாக்குறாங்களே. நீ சொன்னா கேப்பாங்கல்ல?"

இதைவிட அவள் நாலு அறை அறைந்திருக்கலாம்.

மறுநாளே சூளைக்குள் போய் உட்கார்ந்தான். 'கோரல் ஸ்குவாட்டை மூடாதீர்கள்'. தலைப்பு வைத்தாகிவிட்டது, காரணம் வேண்டுமே. நிஜமான காரணம் தொண்டைவரை வந்தது. என் அக்காவும் மச்சானும் அந்தப் படகில்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று ஊருக்கெல்லாம் எப்படிச் சொல்வது? குடும்பத்துப் பொம்பளையை வீதியில் நிறுத்துவதா? "தண்ணி அவ்ளோ மோசமில்லங்க," என்றான். "பழசுன்னா பழசுதான், இருந்துட்டுப் போவட்டுமே," என்றான். எந்தக் கேமைப் பற்றியும் மூச்சு விடாமல் பேசுகிறவன், தெரிந்த ஒரே கேமைப் பற்றித் திக்கித் திணறினான். அவனுக்கே கேட்கச் சகிக்கவில்லை.

பார்த்தவர்கள் சும்மா விடுவார்களா? "நீதானே தல மூடச் சொன்ன?" என்றான் ஒருவன். "எவ்ளோ வாங்கின?" என்றான் இன்னொருவன். கம்பெனிக்கு மெயில் போட்டான். போட்ட நிமிஷமே, உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம் என்று பதில் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் வரவில்லை. வாய்ஸ் சாட்டையாவது விட்டுவையுங்கள் என்று மறுபடி போட்டான். மறுபடியும் அவன் கருத்து முக்கியம் என்றே வந்தது.

பாரி அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதல் சொல்ல வந்தான். "வுடுப்பா. நீ சொன்னதுக்கா மூடுறான்? நீ மூடுன்னாலும் மூடுவான், மூடாதன்னாலும் மூடுவான். உன்ன யாருன்னே அவனுக்குத் தெரியாது."

உண்மைதான். அந்த உண்மைதான் இஜாஸை அடித்துப் போட்டது. தன்னால்தான் மூடினார்கள் என்றிருந்தால் தன்னால் திறக்கவும் முடியும் என்று ஒரு நப்பாசையாவது இருந்திருக்கும். அன்று மத்தியானம் சூளைப் பக்கம் போகாமல் பியூஸ் கட்டைகளை முக்கி முக்கி எடுத்துக்கொண்டே இருந்தான்.

மூடுகிற நாளும் ஒரு வெள்ளிக்கிழமையாகவே வந்தது. ஜும்மா முடிந்து இஜாஸ் வந்தபோது, அம்மா பதுருன்னிசா சமையல்கட்டிலிருந்து, "சாப்ட வாயேண்டி, ஆறிப்போவுது," என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஹஸ்னா நகரவில்லை. திரையின் மேல்மூலையில் மிச்ச நேரம் குறைந்துகொண்டே வந்தது.

"நீயும் வாடா," என்றாள். "இன்னைக்கு ஒரே கூட்டமா இருக்குது. நிம்மதியா வுட மாட்டாங்க போல."

கடைசி நாள் என்று தெரிந்து தீவே திருவிழாவாகக் கிடந்தது. எதிரியும் எதிரியும் கட்டிப்பிடித்து ஆடினார்கள், வானத்தைப் பார்த்துச் சுட்டார்கள், கண்ணில் பட்ட படகையெல்லாம் துரத்தினார்கள். இஜாஸ் தன் போனைத் திறந்து அக்காவும் மச்சானும் இருந்த அணியில் சேர்ந்துகொண்டான். காதில் இயர்போன் மாட்டவில்லை, போனின் சத்தத்தையும் அணைத்துவிட்டான். தனியாக ஒரு படகை எடுத்து, அவர்களுடைய படகுக்குக் கொஞ்ச தூரத்தில் நிறுத்தினான். நெருங்கி வந்தவனையெல்லாம் சுட்டான். இத்தனை வருஷம் ஆடியதில் இவ்வளவு கவனமாக அவன் ஆடியதே இல்லை. அவனால் முடிந்தது அது ஒன்றுதான்.

ஹஸ்னா அவனுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்திருந்தாள். மாமியார் முழங்கால், பக்கத்து வீட்டுக் கல்யாணம், புதுத் துணி என்று அவள் போனிலிருந்து பேச்சு கேட்டுக்கொண்டிருந்தது. நேரம் குறையக் குறைய இரண்டு பேரும் வேகமாகப் பேசினார்கள். பிறகு நவ்ஷாத் சட்டென்று நிறுத்தினான்.

"ஹஸ்னா."

"ம்."

"ஒண்ணு சொல்லணும். ரொம்ப நாளா சொல்லணும்னு இருக்குறேன்."

"சொல்லுங்க."

"கோவப்படக் கூடாது."

"படல, சொல்லுங்க. நேரம் ஆவுது."

"இங்க வந்ததுலேர்ந்து நானு..."

கடல் அப்படியே நின்றது. அலை பாதியில் நின்றது, இஜாஸ் சுட்ட குண்டு அந்தரத்தில் நின்றது. இரண்டு போனும் ஒன்றாக வெள்ளையாகி, 'எங்களோடு விளையாடியதற்கு நன்றி, வீரரே' என்று எழுத்து வந்தது.

ஹஸ்னா திரையைத் தேய்த்துப் பார்த்தாள், மறுபடி திறந்து பார்த்தாள். பிறகு போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவழியாக எடுத்தான்.

"இங்க வந்ததுலேர்ந்து நானுன்னீங்களே, என்னாங்க?"

அந்தப் பக்கம் ஏசி சத்தம் கேட்டது. யாரோ இருமினார்கள்.

"ஒண்ணுமில்ல," என்றான் நவ்ஷாத்.

"ஏதோ சொல்ல வந்தீங்க."

"ஒண்ணுமில்ல ஹஸ்னா. அங்க மழையா?"

"இல்லீங்க. வெயிலுதான்."

"சரி." மறுபடியும் யாரோ இருமினார்கள். "வச்சிடட்டுமா?"

"சரிங்க."

போனை மடியில் வைத்துக்கொண்டு அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். உடம்புக்கு ஏதாவதா, வேலை போய்விட்டதா, வேறு ஏதாவதா என்று அவள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது இஜாஸுக்குத் தெரிந்தது. கடைசியில் தம்பியைத் திரும்பிப் பார்த்தாள்.

"கேட்டுக்கினுதானே இருந்த? அவரு என்னா சொல்ல வந்தாருடா? உனக்கு என்னா தோணுது?"

இஜாஸ் வாயைத் திறந்தான். அவனுக்கு ஒன்றுமே தோன்றவில்லை.