மூன்றாவது பெயர்

படகு பாதிக் கடலைத் தாண்டுவதற்குள் என் தங்கை நெனித்தாவின் பிள்ளை நீலம் பாரித்துவிட்டது. அக்கரை ஆஸ்பத்திரி வரை தாங்காது என்று எங்கள் மூவருக்குமே தெரிந்துபோயிற்று. சாவு நெருங்கிவிட்டால் சாமியாருக்குக் காத்திராமல் யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம், இது எங்கள் தீவில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அவள் புருஷன் ருஃபினோ இன்ஜினை நிறுத்திவிட்டு, கை கொள்ளக் கடல்தண்ணீரை அள்ளிப் பிள்ளையின் தலையில் ஊற்றினான்.

"செல்சோ, உனக்கு ஞானஸ்நானம் குடுக்குறேன். பிதா, சுதன், மாதா பேராலே."

மாதாவா! மூன்றாவதாகச் சொல்ல வேண்டிய தூய ஆவி எங்கே போனார்? புயலுக்கும் பல்வலிக்கும் மாதாவையே கூப்பிட்டுப் பழகிய வாய். என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நெனித்தாவுக்குக் கேட்டுவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. திரும்பச் சொல்லு என்று நான் வாயெடுப்பதற்குள் பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது.

மறுநாள் காலை, பிள்ளைகளுக்கு ஞானோபதேசப் பாடம் நடத்தும் பசிங் வந்தாள். ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைப்பார்கள், அப்போதெல்லாம் அதுதான் வழக்கம். துக்க வீடு என்றும் பாராமல், என்ன சொல்லி ஊற்றினாய் என்று ருஃபினோவைத் துருவினாள் அந்த மகராசி. போன வருஷம் ஒருத்தி பதற்றத்தில் மாதா பெயரைச் சேர்த்துக் கெடுத்துவிட்டாளாம். மாதா கடவுளுக்குத் தாய், ஆனால் கடவுள் இல்லை, மூன்றில் ஒரு பெயர் மாறினாலும் செல்லாது என்றாள்.

பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்த ருஃபினோ, எல்லாம் ஒழுங்காகத்தான் சொன்னேன் என்றான். அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அவன் நடமாடினான். பசிங் நெனித்தாவைப் பார்த்தாள்.

"சரியாத்தான் சொன்னாரு. நான் கேட்டேன்" என்றாள் நெனித்தா.

உள்ளே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மேல இருக்குற மூணு பேரும் சேர்ந்து எம்புள்ளைய வெளிய தள்ளுனா, கடவுளைப் பெத்தவ பாத்துட்டு இருப்பாளாக்கா?"

"இருக்க மாட்டாடி" என்றேன். எனக்கு என்ன தெரியும்?

வேலிக்கு உள்ளேதான் குழி வெட்டிப் பெட்டியை இறக்கினார்கள். சாமியார் வரமுடியாததால் பசிங்கே செபத்தைத் தொடங்கினாள். பிதா என்றதும் எல்லாக் கைகளும் நெற்றிக்குப் போயின. சுதன் என்றதும் நெஞ்சுக்கு வந்தன. தூய ஆவி என்றாள். ருஃபினோவின் கை மட்டும் தோளுக்குப் போகவில்லை. உதடு மாதா என்று முணுமுணுத்து நின்றது. மெல்லத் திரும்பி நெனித்தாவைப் பார்த்தான்.

செபம் முடியவில்லை, அவன் வாய் திறக்கவும் இல்லை. அவள் மண்டியிட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரி வாரிக் குழிக்குள் தள்ள ஆரம்பித்தாள்.