மீன் என்று எழுதிய ஒலி

கதிரவன் உச்சியைக் கடந்து மேற்கே ஓரடி சாய்ந்திருந்த வேளை. முப்புறமும் கடல் சூழ்ந்த அத்துறைமுக நகரம், காலைப் பரபரப்பெல்லாம் அடங்கி, உண்ட களைப்பில் கண்ணயர்ந்து கிடந்தது. பாரந்தூக்கிகள் கழுத்தை நீட்டியவாறே அசையாது நிற்க, கரையோரம் கட்டப்பட்ட கலங்கள் ஒன்றையொன்று உரசாத தொலைவில் மெல்ல ஆட, துருவும் எண்ணெயும் உப்பும் கலந்த காற்று கடற்கரைச் சாலையின் நெடிய கட்டடங்களுக்குள் பலகணிதோறும் புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தது. அக்கட்டடங்களுள் மிகப் பழையது, ஒருகாலத்தில் கடற்படைத் தலைமையகமாக விளங்கி, இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட நான்கடுக்கு மாளிகை.

அதன் நான்காம் தளத்தில் அன்று ஒரு விழா. நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த போரில் எதிர்நின்று மாண்ட நீர்மூழ்கித் தலைவர் ஒருவரின் படத்தை, அவரை அழித்த நாடே தன் சுவரில் மாட்டிச் சிறப்பிக்கும் விழா. பகைவரை உயிரோடிருக்கையில் தூற்றுவதும், மாண்டபின் மாலையிடுவதும் அரசுகளுக்குக் கைவந்த கலை. படிப்பவரே, அதில் நாம் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவ்விழாவில் பேச அழைக்கப்பெற்ற முதியவர், பேச வேண்டிய நேரத்தில் இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் நடுவே நின்றுவிட்ட மின்தூக்கிக்குள் மாட்டிக்கொண்டு திருதிருவென விழித்துக்கொண்டிருந்தார் என்பதே நம் கதை.

போர்க்காலத்தில் அவர் காவற்கப்பலொன்றில் ஒலிகேட்பவராகப் பணிபுரிந்தவர். கப்பலின் அடிவயிற்றில், இருவர் நின்றால் மூன்றாமவர் மூச்சுவிட முடியாத சிற்றறையில், செவிக்கருவியை மாட்டிக்கொண்டு, கடலடியில் ஊரும் பகைக்கலங்களின் சுழல்விசிறி ஓசையைப் பிரித்தறிந்து சொல்வது அவர் தொழில். அவ்வளவு கூர்மையான செவி வேறெவர்க்கும் வாய்க்கவில்லை என்பதால் தோழர்கள் அவருக்குப் ‘பாம்புக்காது’ என்று பெயரிட்டிருந்தனர். இன்றோ அறுபத்தைந்தைத் தாண்டியும் அச்செவி மங்கவில்லை. மறக்கத்தான் அதற்குத் தெரியவில்லை.

மின்தூக்கிக்குள் அவரோடு நின்றவர், படமாக மாட்டப்படவிருந்த அத்தலைவரின் ஒரே மகள். தந்தை மறைந்தபோது ஏழு வயதுச் சிறுமி. இப்போது காதோரம் நரை தெரியும் பள்ளி ஆசிரியை. இரு நாட்டுக்கும் கடல் ஒன்று, மொழி ஒன்று, கொடிதான் வேறு. வாயிலில் அறிமுகமாகி, ஒருவரையொருவர் முன்னே ஏறச் சொல்லி முறை செய்து, ஒன்றாக ஏறியவர்களை அந்த இரும்புப் பெட்டி ஒரு குலுக்கலோடு நிறுத்தியது. விளக்கு அணைந்தது. அழைப்பு மணி ஊமையாயிற்று, கைப்பேசிகளும் அவ்வாறே. தலைக்குமேல் கைக்குட்டை அளவிலான வலைத்துளை வழியே ஒழுகிய மங்கலொளியில் இருவர் முகமும் பாதிப் பாதியாகத் தெரிந்தன.

“பயப்படாதீங்கம்மா. கரண்டு போயிருக்கும். இதோ வந்துடும்.”

“பயமில்லைங்க ஐயா. மூச்சுதான் கொஞ்சம் முட்டுது,” என்றார் அம்மங்கை. சற்று நேரம் கழித்து, “மேல போனா கூட்டத்துல பேச முடியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். அப்பா கஷ்டப்படாம போனாரா? நொடியில முடிஞ்சுதுன்னு உங்க ஊர்லருந்து கடிதம் வந்துச்சு. அம்மா அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் மீதிக் காலத்தை ஓட்டினாங்க,” என்றார்.

முதியவரின் சட்டைப்பையில் எழுதிவைத்த உரை இருந்தது. அதிலும் ‘நொடிப்பொழுதில்’ என்ற சொல்லே இருந்தது. மேலே படத்தின் கீழ்ப் பதிக்கப்பட்ட செப்புத்தகட்டிலும் அதுவே. அச்சொல்லை எடுத்து நீட்டிவிட்டால் போதும், தப்பித்துவிடலாம். எடுக்க வரவில்லை. ஆகவே பேச்சை வேறுபக்கம் திருப்பினார்.

“உங்கப்பாவுக்கு எங்க கப்பல்ல ஒரு பேரு வச்சிருந்தோம், தெரியுமா? சம்பந்தி.”

“சம்பந்தியா?”

“ஆமா. மத்த நீர்மூழ்கிக்காரங்க எல்லாம் எங்க கப்பலை அடிச்சதும் ஓடிடுவாங்க. இவரு மட்டும் அடிச்ச இடத்துலயே எஞ்சினை நிறுத்திட்டு, அடியில கம்முனு உக்காந்துடுவாரு. விருந்துக்கு வந்த சம்பந்தி எழுந்து போவாரா? அதான்.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “ஒருதரம் எங்க நிலக்கரிக் கப்பலை அடிச்சாரு. ஆளுங்க படகுல இறங்கற வரைக்கும் காத்திருந்து, கரை எந்தப் பக்கம்னு விளக்கைக் காட்டிட்டுத்தான் முங்கினாரு. நல்ல மனுஷன்மா.”

அம்மங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளில் தந்தையைப் பற்றி ஒரு புதிய செய்தி கேட்ட மகிழ்ச்சி அது. “சம்பந்தி மகள்னா நான் உங்களுக்கு மருமக முறையாச்சே. மாமான்னே கூப்பிடறேன்,” என்றவர், விரலிலிருந்த மோதிரத்தால் இரும்புச்சுவரைத் தட்டத் தொடங்கினார். “யாருக்காவது கேக்குதான்னு பாப்போம் மாமா.”

மாமா என்ற அச்சொல் முதியவரைக் குத்திற்று, அத்தட்டலோ நிலைகுலைத்தது. சுவர்கள் நான்கும் ஒரு சாண் நெருங்கி வந்தாற்போலத் தோன்றிற்று. மேல்தளத்தில் மங்கல இசை முழங்கிக்கொண்டிருந்தபோதிலும், அதன் ஊடே, கதவுக்கு வெளியே படியில் நின்ற காவலர் தம் தோழரிடம் கூறியது அவருடைய பாம்புச்செவிக்குத் தெளிவாகக் கேட்டது: “அது ஒண்ணும் இல்லப்பா. குழாய்ல தண்ணி ஏறுது.”

முதியவர் அப்படியே தரையில் அமர்ந்துவிட்டார்.

“என்ன மாமா, மயக்கமா?”

“வெளியில ஒருத்தன் உங்க தட்டலைக் கேட்டான்மா. குழாய்னு சொல்லிட்டுப் போறான். நானும் அப்படித்தான் சொன்னேன்.”

பிறகு அவர் நிறுத்தவில்லை. அவர் தட்டுத்தடுமாறிக் கூறியதை நாம் சுருங்கச் சொல்வோம். அந்நீர்மூழ்கி அழிந்த அன்று காலை, சம்பந்தி எழுந்து போகமாட்டார் என்பதை அறிந்தே, அவர் பதுங்கிய இடத்தில் காவற்கப்பலார் பதினான்கு ஆழ்குண்டுகளை வீசினார்கள். நீர்மூழ்கி முப்பது ஆள் ஆழத்தில் மணலில் படுத்தது. சற்று நேரத்துக்கெல்லாம் கீழிருந்து தட்டும் ஓசை கேட்டது. ஒலிகேட்பவர்களின் நாளேட்டில் எழுத இரண்டே சொற்கள் உண்டு: ‘இயந்திரம்’, ‘மீன்’. இயந்திரம் அல்லாத ஓசை எதுவாயினும், இறால் கொடுக்கைச் சொடுக்குவதாயினும் பாறை உருள்வதாயினும், மீன் என்று எழுதுவதே அவ்வறையின் வழக்கம். கப்பல் தலைவர் படியிறங்கி வந்து, “கீழ உயிர் இருக்கா? சத்தம் கேட்டாச் சொல்லு,” என்றார். எதற்கென்று அவர் சொல்லவில்லை; இவரும் கேட்கவில்லை. கப்பலின் மேல்தளத்தில் மீதி நான்கு குண்டுகள் கட்டவிழ்த்து ஆயத்தமாக இருந்ததை மட்டும் இவர் பார்த்திருந்தார். உயிர் இருக்கிறது என்றால் அந்நான்கும் விழும் என்று எண்ணினார். ஆகவே காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு, “மீன்தாங்க ஐயா,” என்றார். ஒவ்வொரு மணிக்கும் தலைவர் கேட்டார். ஒவ்வொரு மணிக்கும் இவர் மீன் என்று எழுதினார். ஒன்பது முறை. பத்தாம் முறை எழுத அங்கே ஓசை இல்லை.

“போர் முடிஞ்சு, எங்க கேப்டன் தான் ஓய்வு வாங்கற அன்னைக்குச் சொன்னாரு. முக்குளிக்கிற ஆளுங்களோட மீட்புக் கப்பல் அரைநாள் தூரத்துல நின்னுச்சாம். ஒரே ஒரு சத்தம்னு சொல்லியிருந்தாக்கூட வரவழைச்சிருப்பேன்னாரு. குண்டு போடறதுக்குக் கேக்கலைம்மா அவரு. தூக்கறதுக்குக் கேட்டிருக்காரு. முப்பத்தோரு பேரு உள்ள.”

இருட்டுப் பெட்டிக்குள் இருவர் மூச்சும் மாறி மாறிக் கேட்டன.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே ஐயா. எதுக்குக் கேக்கறீங்கன்னு ஒரு வார்த்தை.”

மாமா மறைந்து ஐயா மீண்டதை முதியவர் கவனித்தார்.

“கேட்டிருக்கலாம்,” என்றார்.

அம்மங்கை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மன்னிப்பு என்ற பேச்சே எழவில்லை. எழ வேண்டிய இடமும் அதுவன்று. பின்னர், சுவரைப் பார்த்தவாறே, “எப்படித் தட்டினாங்க?” என்று கேட்டார்.

முதியவர் எட்டி, விரல்முட்டியால் இரும்பைத் தட்டினார். இரண்டு விரைந்த தட்டு, ஓர் இடைவெளி, மெதுவாக ஒன்று. நாற்பது ஆண்டுகளாக உணவு மேசையிலும் கட்டில் சட்டத்திலும் அவர் விரல்கள் அவரை அறியாமல் தட்டிவந்த தட்டு அது.

அம்மங்கையின் தோள்கள் குலுங்கின. “அது எங்க வீட்டுக் கதவைத் தட்டற தட்டு. கப்பல்லருந்து வந்தா அப்பா இப்படித்தான் தட்டுவாரு. நான் உள்ளருந்து மூணு தட்டு தட்டணும். அப்பதான் வருவாரு. இல்லேன்னா வெளியிலேயே நிப்பாரு.”

சொன்னவர், கண்ணீரைத் துடைக்காமலே கையை உயர்த்தி, அந்த இரும்புச்சுவரில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நிறுத்தி நிறுத்தித் தட்டினார். ஏழு வயதில் தட்ட வேண்டியிருந்த தட்டு, நாற்பத்தேழில் சென்று சேர்ந்தது.

வெளியே படியில் மீண்டும் காலடி நின்றது. “என்னப்பா, திரும்பவும் குழாயா?” என்றது ஒரு குரல்.

அவ்வளவுதான். தரையில் அமர்ந்திருந்த முதியவர் எப்படி எழுந்தாரோ, கதவிடுக்கில் வாயைப் பொருத்தி, அடிவயிற்றிலிருந்து குரலெடுத்துக் கத்தினார்: “குழாய் இல்ல. மீன் இல்ல. ஆள் இருக்கு. உள்ள ஆள் இருக்கு.”

வெளியே ஓட்டமும் கூச்சலும் எழுந்தன. இசை நின்றது. யாரோ ஒருவர் கதவில் கைவைத்து, “பெரியவரே, கவலைப்படாதீங்க, இதோ திறக்கறோம். உள்ள எத்தனை பேரு?” என்று கேட்டார்.

“முப்பத்தோரு பேரு,” என்றார் முதியவர்.

வெளியே நின்றவர்கள் குழம்பி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டனர். நால்வர் நிற்கவே இடமற்ற பெட்டி அது. உள்ளே நின்ற மகளோ அவரைத் திருத்தவில்லை. இருளில் கைநீட்டி, முதியவரின் விரல்களை மட்டும் பற்றிக்கொண்டார். கதவு திறக்க இன்னும் நேரமாகலாம், திறந்தபின் மேலே ‘நொடிப்பொழுதில்’ என்ற சொல்லோடு காத்திருக்கும் செப்புத்தகட்டை யார் முகத்தைப் பார்த்துக்கொண்டு கழற்றுவது என்பதும் எளிதன்று. ஆயினும், நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னராயினும், ஒலிகேட்பவர் தாம் கேட்டதைக் கேட்டவாறே அறிவித்துவிட்டார்.