தயிர்சாதத்தோடு ஒரு பனிப்பயணம்

1974 ஜனவரியில், குடியேறியிருந்த குளிர் நாட்டில், பல்கலைக்கழகத்துத் திரைப்படக் கழகத்தில் ஒரு நார்வே படம் பார்த்ததிலிருந்து ஜம்புநாதனுக்கு நிம்மதி போயிற்று. படத்தில் ஒரு தனிக்கட்டை. செத்துப்போன அண்ணனின் சுவர்க்கடிகாரத்தைச் சறுக்குவண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு நானூறு மைல் பனியில் போகிறான். விழுகிறான், எழுகிறான், இருமுகிறான். கடிகாரம் கண்ட நேரத்தில் மணி அடிக்கிறது. அவ்வளவுதான் படம். ஆனால் அம்புஜம் கன்னத்தில் கை வைத்து, ஒரு கண் சிரிக்க ஒரு கண் கலங்க, அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் அந்தப் பார்வை ஜம்புநாதன்மேல் ஒரு நாளும் விழுந்ததில்லை. குடல்வால் ஆபரேஷன் செய்துகொண்டபோதுகூட.

"பாவம், எப்படி இருமறான்," என்றாள் திரும்பும் வழியில்.

"நானுந்தான் இருமறேன்."

"நீங்க ஊறுகாயைத் தின்னுட்டு இருமறேள்."

எதிரே நிற்கிறவனென்றால் சண்டை போடலாம். திரையில் இருப்பவனை என்ன செய்வது? ஜம்புநாதன் ஒரு வாரம் யோசித்தார்.

ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து ஊரான கர்க்லாண்டில், சிநேகிதர் டாக்டர் பாலகிருஷ்ணன் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவர்கள் குடியிருந்த ரொக்ஸ்பரோவிலிருந்து ஐந்து மைல். வீட்டில் கார் ஓட்டுபவள் அம்புஜம்தான்; பாலம் கட்டும் என்ஜினீயரான ஜம்புநாதனுக்கு மூன்று பரீட்சைக்குப் பிறகும் லைசென்ஸ் கிடைக்கவில்லை.

"நீ கார்ல வா. நான் நடந்து வரேன்," என்றார்.

"இந்தக் குளிர்லயா? எதுக்கு?"

"அவன் காரணம் சொல்லிட்டா போனான்?"

பத்து மணிக்கு, தயிர்சாத டப்பாவோடு கிளம்பினார். பயணமென்றால் தயிர்சாதம் கட்டிக்கொள்ளாமல் அவர் எங்கும் போனதில்லை. அரை மைல் தாண்டுவதற்குள் பனி வாரும் லாரி ஒன்று பக்கத்தில் நின்றது. டிரைவர் "போன்ஜூர்" என்று கதவைத் திறந்தான். மறுக்கிற அளவுக்கு ஜம்புநாதனுக்குப் பிரெஞ்சு தெரியாது. உள்ளே ஹீட்டர், பாட்டு, பிளாஸ்க்கில் காப்பி. பத்தேமுக்காலுக்கு டாக்டர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டான்.

இப்போது உள்ளே போனால் என்ன பயணம் அது? வேலிப் புதருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பதினொன்றரைக்கு அம்புஜத்தின் கார் வந்தது. ஜன்னல் வழியே ரசம் பரிமாறுவது தெரிந்தது. ஜம்புநாதன் தும்மினார்; தும்மல் கீழே விழுந்து உடைந்தது. கர்க்லாண்டில் இதெல்லாம் சகஜம். தயிர்சாதம் செங்கல்லாகி, கடுகுகள் அதற்குள் கற்காலத்துப் பூச்சிகள்போலத் தெரிந்தன. உள்ளே அம்புஜம் எதற்கோ சிரித்தாள். யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று எட்டிப் பார்த்ததில் மீசையின் இடது நுனி வேலியில் ஒட்டிக்கொண்டது. பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

பன்னிரண்டரைக்கு அழைப்புமணியை அடித்தார், நெற்றியால். கை மடங்கவில்லை.

கம்பளி போர்த்தி, கணப்புப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பற்கள் கிடுகிடுக்கக் கதையைத் தொடங்கினார். வழி தவறியது, காடு, ஓநாய், அதன்மேல் தயிர்சாதத்தை வீசியது, ஓநாய்க்குப் பல் உடைந்தது. "கடைசியில அதுவே எனக்கு வழி காட்டித்து, டாக்டர்." டாக்டர் நாடி பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். ஜம்புநாதன் ஓரக்கண்ணால் பார்த்தார். அம்புஜத்தின் கை கன்னத்துக்குப் போயிருந்தது. ஒரு கண் சிரித்தது, ஒரு கண் கலங்கியது.

திரும்பும்போது காரில், ஜெயித்தவர் தோரணையில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"பாவம், அந்த மனுஷன்," என்றாள் அம்புஜம். "ஓநாயோட தன்னந்தனியா நடந்தாரே."

"நான்தானேடி அது."

"நீங்க வேலிக்குப் பின்னாடின்னா நின்னேள். காரை நிறுத்தும்போதே குல்லா தெரிஞ்சுதே."

"தெரிஞ்சுமா கூப்பிடலே?"

"ரெண்டு தரம் ஜன்னலண்டை வந்தேன். நீங்க எட்டி எட்டிப் பார்த்துண்டிருந்ததைப் பார்த்து சிரிப்பு வந்துடுத்து. ஏதோ ஆசையா நிக்கறார்னு விட்டுட்டேன்."

"அப்போ கண் கலங்கினது?"

"அது அவருக்கு," என்று கியரை மாற்றினாள்.

ஜம்புநாதன் வெளியே பார்த்தார். இதுவரை போட்டிக்கு நார்வேக்காரன் ஒருவன்தான். இப்போது தன் கதையிலிருந்தே இன்னொருவன், அதுவும் தமிழ் பேசுகிறவன். அடுத்த முறை கதை சொல்லும்போது அந்தப் பயலை ஓநாய் வாயில் கொடுத்துவிடலாமா என்று ரொக்ஸ்பரோ வரும்வரை யோசித்தார். வேண்டாம் என்று விட்டுவிட்டார். அம்புஜம் இன்னும் அழுவாள்.