பதினேழாம் நம்பர் தவளை

அமுதவள்ளி மலேசியாவின் கிள்ளானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் நர்ஸ். நோயாளிகளின் இரத்தத்தில் தேங்கும் யூரியாவை இயந்திரம் வைத்து வெளியேற்றுவது அவள் வேலை. அவள் தம்பி கிஷனோ, காப்பார் அலையாத்திக் காட்டுத் தவளைகளின் இரத்தத்தில் அதே யூரியாவை ஆராய்ச்சிக்காக இரண்டு வருடமாக அளந்துகொண்டிருந்தான்.

"வெயில் மாசத்துல அங்க தண்ணி ரொம்ப உப்பாயிடும்க்கா. வேற தவளைன்னா வத்திச் செத்துடும். இது யூரியாவ வெளிய விடாம ரத்தத்துலயே சேத்து வெச்சுக்கும். உப்புத்தண்ணி இது உடம்புத் தண்ணிய உறிஞ்ச முடியாது லா."

"அந்த அளவு என் பேஷண்ட்டுக்கு இருந்தா அப்பவே மெஷின்ல போட்டிருப்பேன்!"

மழைக்காலத்தில் தவளை அந்த யூரியாவைக் கழித்துவிடுகிறதா என்று பார்க்க, ஆகஸ்டில் அளந்த அதே தவளைகளின் ரத்தமும் சிறுநீரும் அவனுக்கு வேண்டியிருந்தன. அடையாள எண் கொண்ட அரிசி அளவு சிப் பொருத்திய இருபதில் ஒன்றுகூட மூன்று வாரமாகக் கண்ணில் படவில்லை. நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிகாலை மழை விட்டதும், துணைக்கு அக்காவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனான்.

இரண்டு மணி நேரம் சேற்றில் அலைந்தும் ஒன்றும் சிக்கவில்லை. கிஷன் முகம் தொங்கிவிட்டது. அமுதவள்ளி வழுக்கித் தொப்பென்று உட்கார்ந்தாள். பக்கத்து வேரடியில் ஒரு பருத்த தவளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கையுறை போட்ட கையால் லபக்கென்று பிடித்தாள்.

கிஷன் சிப்பைப் படிக்கும் கருவியை நீட்டினான். பீப் என்றது. "பதினேழு! அக்கா, பதினேழு!"

அவன் கத்தலில் பயந்த தவளை அவள் உள்ளங்கையில் சர்ரென்று பெய்தது. வேறு யாராவது உதறியிருப்பார்கள். பதினான்கு வருட நர்ஸ் அவள், கையைக் குவித்துக்கொண்டு, "டியூப் எங்கடா? சீக்கிரம்!" என்று அதட்டினாள். ஆகஸ்டில் ஒரு சொட்டுகூடத் தராத தவளை, இன்று குழாயில் பாதியை நிரப்பியது.

இருவரும் சேற்றிலேயே உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கிஷன் ஒரு சொட்டு ரத்தமும் எடுத்துக்கொண்டு விட்டதும், தவளை ஒரே தாவலில் மறைந்தது.

மூன்றாம் நாள் கிஷன் அழைத்தான். ரத்தத்தில் யூரியா பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. சிறுநீரில் உப்பு இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம்.

வேலை நேரத்தில் இதை, டயாலிசிஸுக்கு வந்து படுத்திருந்த தம்புசாமி அங்கிளிடம் சொன்னாள். "அது வாயால தண்ணி குடிக்காது அங்கிள். வயித்துத் தோலாலயே உறிஞ்சிக்கும்."

"ஐயோ பாவம்" என்றார் அவர். "அப்போ நம்ம தே தாரிக் டீ ருசியே அதுக்குத் தெரியாதா?"

வார்டே சிரித்தது.