காஜா பேராங்கில் வெள்ளம் இல்லை

மலாக்காவின் காஜா பேராங்கில் மழை மூன்று நாளாக விடவில்லை. பாக்கியலட்சுமியின் வீட்டுக்குள் தொடை அளவு தண்ணீர் நின்றது. அது யார் கண்ணிலும் படக்கூடாது என்பதுதான் அவள் கவலை.

ஜப்பான்காரர்கள் மலாயா முழுவதற்கும் ஒரு வெள்ளத் தடுப்புச் சட்டம் போட்டிருந்தார்கள். ஆற்றோரக் கிராமங்களான கம்பங்கள் கரை கட்டிக்கொள்ள வேண்டும். கரை கட்டிய பிறகு வெள்ளம் வராது. வந்தால் அது வீட்டுக்காரரின் அலட்சியம். அந்த வீட்டிலிருந்து ஓர் ஆண் சயாமுக்கு ரயில் பாதை போடப் போக வேண்டும். பக்கத்துக் கம்பமான புக்கிட் ரம்பாயிலிருந்து போன பதினான்கு பேரில் ஒருவரும் இன்னும் திரும்பவில்லை. அவள் வீட்டில் இருந்த ஆண் அவள் புருஷன் மருதமுத்து மட்டும்.

கரையைக் கட்டியதும் அவன்தான். வெள்ளைக்காரன் காலத்தில் சாக்கடை வேலையை மேற்பார்க்கும் மண்டோராக இருந்தவன். கரையின் வரைபடத்தைப் பார்த்த அன்றே கேட்டான்.

"பாய், மழத்தண்ணி வெளிய போக மதகு எங்க?"

ஷரீஃபுதீன் பாய் பெண்டஹாரா சாலையில் கைலி விற்றவர். மூன்று மாதம் ஜப்பான் மொழி படித்து அதிகாரியின் மொழிபெயர்ப்பாளர் ஆகியிருந்தார். "சட்டம் உள்ள வர்ற தண்ணியப் பத்தித்தான் பேசுது மருதமுத்து. வெளிய போற தண்ணியப் பத்தி அதுல ஒண்ணுமே இல்ல. நான் எதப் போயி கேக்குறது?"

கரை எழும்பியது. ஆற்றுத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே வரவில்லை. மழைத் தண்ணீர் ஒரு சொட்டும் வெளியே போகவில்லை.

நான்காம் நாள் காலை ஜப்பான் அதிகாரி சோதனைக்கு வந்தார். வாளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் சடக்கு ரோட்டில் நடந்து வந்தார். பின்னால் பாய், காகிதங்களைத் தலைமேல் பிடித்தபடி. பாய் முந்தி வந்து பாக்கியத்தின் காதில் சொன்னார்.

"இங்க காஞ்சு கெடக்குன்னு இவரு மேல எழுதி அனுப்பிட்டாரு. தண்ணின்னு நீ வாயத் தெறக்காத தங்கச்சி. அவரும் தெறக்க மாட்டாரு."

மருதமுத்து குனிந்து வணங்கினான். பயத்தில் வழக்கத்தைவிட ஆழமாகக் குனிந்தான். மூக்கு நனைந்தது. அதிகாரி தலையசைக்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு அப்படியே நின்றான்.

காய்ந்த வீட்டுக்குள் பூட்ஸோடு நுழைவது அதிகாரியின் நாட்டில் மரியாதை இல்லை. அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கழற்றினார். வாசலில் ஜோடியாக, நுனி வெளியே பார்க்கும்படி வைத்தார். ஒன்று முங்கியது. ஒன்று மிதந்தது.

பிரம்பால் தரையைத் தட்டிப் பார்த்தார். பிரம்பு பாதிக்குமேல் உள்ளே போனது. "கெட்டியான தரை" என்று எழுதிக்கொண்டார். பாக்கியம் சோளம் வறுத்த கோப்பி கொண்டுவந்தாள். பெஞ்சு மிதந்துகொண்டிருந்தது. அவள் ஒரு முனையில் உட்கார்ந்து அமுக்கினாள். மறுமுனையில் அதிகாரி உட்கார்ந்தார். தண்ணீர் அவர் மார்புக்கு வந்தது. கோப்பியைக் கடைசிவரை குடித்தார். பாயின் முதுகில் காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

பாக்கியத்துக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

அதிகாரி வாசலுக்குப் போய்க் காலால் துழாவினார். ஒரு பூட்ஸ்தான் அகப்பட்டது. மற்றது வாத்துபோல் சடக்குப் பக்கம் போனதை அவள் பார்த்திருந்தாள். எப்படிச் சொல்வாள்?

அதிகாரி இரண்டு வார்த்தை சொன்னார். பாய் பாக்கியத்தின் பக்கம் திரும்பினார். "திருடுனது யாருன்னு கேக்குறாரு."

காய்ந்த வீட்டில் பூட்ஸ் தானாகப் போகாது. தண்ணீர் கொண்டுபோனது என்றால் புருஷன் சயாமுக்கு. இல்லை என்றால் திருடன். திருடர்களின் தலைகளை ஆற்றுப் பாலத்தருகே ஊரே பார்த்திருந்தது.

"நாய் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லுங்க பாய்," என்றாள்.

"நாயா? இங்கயா?"

"ஏன், காஞ்ச எடத்துல நாய் வராதா?"

பாய் சொன்னார். அதிகாரி வெளியே பார்த்தார். கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். வெகுநேரம் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். நாயின் நிறம் கேட்டார்.

"கறுப்பு," என்றான் மருதமுத்து.

"செவலை," என்றாள் பாக்கியம், அதே மூச்சில்.

கறுப்பில் செவலைப் புள்ளி என்று பாய் மொழிபெயர்த்தார். உத்தரவு அங்கேயே எழுதப்பட்டது. அந்த நாயைப் பிடிக்கும் பொறுப்பு மருதமுத்துவுடையது. பிடிபடும்வரை அவனை வேறு வேலைக்கு அனுப்பக்கூடாது. அவன் மலாக்காவை விட்டு வெளியே போகவும் கூடாது.

அதிகாரி ஒற்றை பூட்ஸோடு நிமிர்ந்தபடி தண்ணீரில் இறங்கிப் போனார்.

"அப்ப சயாம்?" என்று மருதமுத்து பாயைக் கேட்டான்.

"நாயப் புடிச்சப்புறம்தான்."

பாக்கியம் புருஷனைப் பார்த்தாள். "தப்பித்தவறிப் புடிச்சுராதீங்க."

மறுநாளே பக்கத்து வீட்டுக் கணேசமூர்த்தி வந்தார். "அண்ணே, தனியா எப்படிப் புடிப்பீங்க? நான் கயித்தப் புடிச்சுக்கிறேன்லா." அவர் பெயரும் உத்தரவில் ஏறியது. தண்ணீர் வெயிலில் வற்ற மூன்று வாரம் ஆனது. அதற்குள் பதினோரு பேர் கயிறும் சாக்குமாகத் தினம் காலையில் நாய் தேடிக் கிளம்பினார்கள். சாயங்காலம் வெறுங்கையோடு, நிம்மதியாகத் திரும்பினார்கள்.

பிறகு அதே கம்பத்து அஞ்சலை தன் தம்பி சேதுபதியைப் பாக்கியத்தின் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். சயாம் பட்டியலில் அவன் பெயர் வந்திருந்தது.

அங்கே பெயர் எழுதிக்கொண்டிருந்த பாய் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு நாய்க்குப் பன்னெண்டு பேரா? அதிகாரி தொவான் ஒத்துக்க மாட்டாரு தங்கச்சி."

"அது குட்டி போட்டிருச்சுன்னு எழுதுங்க," என்றாள் பாக்கியம்.

"எத்தன?"

கம்பத்தில் மிச்சமிருந்த ஆண்களைப் பாக்கியம் விரல்விட்டு எண்ணினாள்.

"ஒம்பது," என்றாள்.